ஓட்டாஞ்சில்லில் ஒரு பெயர்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் பொங்கல் விழாவில் பேசியது. மேடையில் அவசரத்தில் விட்டுப்போன ஒன்றிரண்டு வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, விடுமுறை நாளிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே (ஐயா, உங்களிடம் கடைசியில் வருகிறேன், அதுவரை எழுந்துவிடாதீர்கள்), எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியையும் சேர்த்துப் பேசி முடித்துவிட்ட புலவர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, சுண்டல் எப்போது தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

ஊராட்சித் தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இந்த நூலகத்துக்கு முன்னால் இருந்த இருட்டை விளக்குப் போட்டு விரட்டியவர் அவர். ஏழு மணிக்கு மேல் இங்கே பெண்பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம். தலைமையாசிரியை அம்மா போன மாதம் ஐம்பது பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், ஐம்பது பேரையும் எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். இதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்.

சரி. எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘பானை ஓட்டில் பண்டைய வாழ்வு’. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று எழுத்து, இரண்டு வணிகம், மூன்று சாவு. பொங்கலும் அதுவுமாகச் சாவைப் பற்றியா என்று கேட்காதீர்கள், இறந்தவரை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி இல்லாமல் பானையைப் பற்றி எப்படிப் பேசுவது? எங்கள் அப்பத்தா ஒரு பழமொழி அடிக்கடி சொல்லும்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது நாலைந்து தடவை வரும்.

கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை 2014-15-இல் தோண்ட ஆரம்பித்தது. பிறகு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை எடுத்துச் செய்தது. 2019-இல் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கையில், தமிழி எழுத்து, அதாவது அந்தக் காலத்தில் தமிழை எழுதிய தமிழ்-பிராமி எழுத்து, பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்ததாகச் சொன்னார்கள். குறியீடு கீறிய ஓடுகள் 1001. மூன்றரை மீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று அமெரிக்க ஆய்வுக்கூடம் சொன்னது. அந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டு அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். எனக்கு ஆண்டைவிட அந்த ஓட்டில் இருக்கிற பெயர்தான் பெரிது. ‘குவிரன்’, ‘ஆதன்’ என்று எழுதியிருக்கிறது. ஆதன் யார்? தெரியாது. அரசனா? அரசன் சோற்றுப் பானையில் பெயர் கீறிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டான். ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்று ஐங்குறுநூறு தொடங்குகிறதே, அந்தப் பெயர்தான் வைகைக் கரையில் யாரோ ஒருவர் வீட்டுப் பானையிலும் இருந்திருக்கிறது.

அந்த ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துவைத்துச் சுடுவார்கள். உள்ளே காற்றுப் புகாமல் கரி ஏறிக் கறுக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். அப்புறம் கீறலைப் பாருங்கள். ஈரமண்ணில் கீறியிருந்தால் கோட்டின் இரண்டு பக்கமும் மண் மெழுகுபோல வழுவழுவென்று ஒதுங்கி நிற்கும். சுட்ட பிறகு கீறினால் ஓரம் பொரிந்து உதிர்ந்திருக்கும். பெயர் எழுதிய ஓடுகளில் பெரும்பாலானவை சுட்ட பிறகு கீறியவை. அதாவது செய்தவர் எழுதவில்லை, வாங்கிக்கொண்டு போனவர் எழுதியிருக்கிறார். கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு அண்டாக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் தாத்தா பெயர் மூக்கையா, அப்பத்தா பெயர் பேச்சியம்மாள். தெருவில் எதிர்வீட்டில் முத்தையா, அவர் மனைவி பெயரும் பேச்சியம்மாள். பேச்சிக்கு எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிப் பித்தளை அண்டா, ஒரே கடையில் வாங்கியது. பெயர் வெட்டுகிறவர் சைக்கிளில் வருவார். சின்ன உளி, சின்னச் சுத்தியல். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டொக் டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாக வெட்டுவார். எழுத்துக்கு அஞ்சு பைசா. அவர் ‘மூ. பேச்சி’ என்று எங்கள் அண்டாவிலும், ‘மு. பேச்சி’ என்று எதிர்வீட்டு அண்டாவிலும் வெட்டினார் என்பதுதான் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு.

ஒரு காதுகுத்து வந்தது. இரண்டு அண்டாவும் பந்திக்குப் போயின. திரும்பி வந்தபோது அப்பத்தா சொல்லிவிட்டது, ‘இது என் அண்டா இல்லை, என்னுது கனம்’ என்று. எதிர்வீட்டு அம்மா விடுமா? ‘நல்லா எழுத்தைப் பாரு’ என்றார். பார்த்தால் இரண்டு அண்டாவிலும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதல் எழுத்தின் சுழி தேய்ந்துபோய்விட்டது. முவா, மூவா? பஞ்சாயத்து கூடியது. பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். அவர் ‘மு’ என்றார், அவர் மகன் ‘மூ’ என்றான். எட்டு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சிக்கும் பேச்சிக்கும் பேச்சில்லை என்று தெருவே சிரித்தது.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெயர் வெட்டுகிறவர் வந்தார். இரண்டு அண்டாவையும் கவிழ்த்து வைத்தார். வெற்றிலையைத் துப்பினார். விரலால் ஒரு தடவை தடவினார். எதிர்வீட்டில் இருந்த அண்டாவைக் காட்டி, ‘இது மூக்கையா வீட்டுது’ என்றார். எப்படியய்யா என்றால், ‘எல்லாரும் சுழியையே பார்த்திருக்கீங்க, பேரைப் படிக்கலையே! இதில ‘பேசி’ன்னுதான் இருக்கு, ‘ச்’ கிடையாது. அஞ்சு பைசா மிச்சம்னு அந்த எழுத்தை வெட்டவிடாத மகராசன் இந்தத் தெருவில மூக்கையா ஒருத்தர்தான்’ என்றார். தாத்தா எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் இதைத்தான் கல்வெட்டு அறிஞர்கள் செய்கிறார்கள். எகிப்து நாட்டில் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே கிடைத்த ஓடுகளில் ‘கணன்’, ‘சாதன்’ என்று தமிழி எழுத்தில் இருந்தது. யார் இவர்கள்? கண்ணனும் சாத்தனும்தான். பழைய தமிழி எழுத்தில் இரட்டித்து வருகிற மெய்யைப் பல இடத்தில் ஒற்றையாகவே எழுதிவிடுவார்கள், புள்ளியும் வைக்கமாட்டார்கள். அது எழுத்து முறை. எனக்கென்னவோ அங்கேயும் எழுத்துக்கு அஞ்சு பைசா வாங்கியிருப்பார்களோ என்று ஒரு சந்தேகம்.

அதே துறைமுகத்தில் இன்னொரு சாடியின் ஓடு கிடைத்தது. 2007-இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார்: ‘பானை ஒறி’. ஒறி என்றால் நம் உறிதான், மோர்ப்பானையைத் தொங்கவிடுகிற கயிற்று உறி. ற என்கிற எழுத்து வடக்கே எழுதிய பிராமியில் கிடையாது. தமிழுக்கென்று சேர்த்துக்கொண்ட எழுத்துகளில் அது ஒன்று. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டிப் போன ஒருவர் செங்கடல் கரையில் உட்கார்ந்து ஒரு ‘ற’ எழுதியிருக்கிறார், அதுவும் உறிக்காக. அந்தப் பானையில் பூனை வாய்வைத்ததோ என்னவோ!

வணிகம் என்று இரண்டாவதாகக் குறித்திருந்தேன், அதில் பாதி இதிலேயே வந்துவிட்டது. மீதியில் இரண்டு சொல்கிறேன். ஓமன் நாட்டில் கோர் ரோரி என்ற இடத்தில், உடைந்த பானையின் தோள்பகுதியைத் தட்டி மூடியாக்கிய ஓடு ஒன்று கிடைத்தது. அதில் ‘ணந்தை கீரன்’ என்று பெயர். உடைந்ததையும் எறியாத ஆள், எங்கள் தாத்தாவுக்கு உறவாக இருக்கலாம். இங்கே ஈரோடு மாவட்டம் நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். கல்மணி செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, கூடவே பெயர் எழுதிய ஓடுகள். ‘கண்ணன் ஆதன்’ என்று ஒரு பெயர். ‘சம்பன் சுமணன்’ என்று இன்னொரு பெயர், இதில் வடக்கத்திப் பழைய மொழியான பிராகிருதத்தின் வாடை அடிக்கிறது. ‘நிகம’ என்றும் ஓர் ஓட்டில் இருக்கிறது, வணிகர் குழு என்று பொருள். வடக்கே இருந்து வந்தவரும் உள்ளூர்க்காரரும் ஒரே தெருவில் பானை வாங்கியிருக்கிறார்கள். மேடையில் நின்று ‘எல்லாம் நமதே’ என்று முழங்குகிற தம்பிகள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் அகப்பையில் வர வேண்டும். இல்லாததைப் பரிமாறக் கூடாது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். பத்து நிமிடமாம். ஆகவே மூன்றாவது செய்தி, தாழி, இன்னொரு கூட்டத்துக்கு. குறியீடுகளைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். 2025 ஜனவரியில் முதலமைச்சர், சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தாரே, அதற்கும் நம் ஊர்ப் பானைக் குறியீட்டுக்கும் ஒப்புமை தேடுகிறார்கள். பிள்ளைகள் யாராவது முயற்சி செய்யுங்கள். பரிசு வந்தால் நூலகத்துக்கு ஒரு பீரோ வாங்கிக் கொடுங்கள்.

இருக்கிற பத்து நிமிடத்தில் நான் பேச வேண்டியது அந்தப் பானையைச் செய்தவரைப் பற்றி. பெயர் எழுதினவர் ஆதன், சரி. வனைந்தவர்? அவர் பெயர் அந்த ஓட்டில் இல்லை. புறநானூற்றில் 256-ஆம் பாட்டைப் பாருங்கள். கணவனை இழந்த ஒரு பெண், ‘கலம் செய் கோவே’ என்று குயவரைக் கூப்பிட்டு, தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய்யும், நானும் அவரோடு போக வேண்டும் என்கிறாள். கோ என்றால் அரசன், குயவருக்கும் கோ என்றுதான் பெயர். பாருங்கள், மூன்றாவது செய்தியும் வந்துவிட்டது.

கீழடிப் பானைகளை இத்தாலியில் பைசா பல்கலைக்கழகம் வரை அனுப்பிச் சோதித்தார்கள். என்ன முடிவு வந்தது? தண்ணீர்ப் பானையும் சமையல் பானையும் அந்த வட்டாரத்து மண்ணிலேயே செய்தவை. அந்த மண் இன்னமும் நம் கண்மாயில் கிடக்கிறது. செய்கிற கைதான் குறைந்துவிட்டது. மானாமதுரையில் கடம் செய்கிறார்கள், புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள், மகிழ்ச்சி. நம் ஊரில் நான் சிறுவனாக இருந்தபோது வேளார் தெருவில் பதினேழு சக்கரம் சுற்றியது. இன்றைக்கு நான்கு. அந்த நான்கு பேரும் மண்ணை வெளியூரிலிருந்து டிராக்டரில் விலைக்கு வாங்குகிறார்கள், கூப்பிடு தூரத்தில் கண்மாயை வைத்துக்கொண்டு!

2024-இல் அரசு விதியைத் தளர்த்தியது. விவசாயியும் மண்பாண்டத் தொழிலாளியும் கண்மாயில் வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுக்கலாம், வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று வந்தது. நானும் நம் வேளார் பெரியவரும் மனு எழுதினோம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். காரணம், கையெழுத்துப் போட்ட ஒருவர் முகவரியில் கதவு எண் இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஆதனுக்கும் கதவு எண் இல்லை, அவரை ஏற்றுக்கொண்டார்களே!

வட்டாட்சியர் ஐயா சிரிக்கிறார், நல்ல சகுனம். ஐயா, நீங்கள் இந்த வட்டத்துக்குப் புதிதாக வந்தவர், பழைய கதையில் உங்களுக்குப் பங்கில்லை. நாங்கள் கேட்பது மண்தான். கண்மாயின் மேற்கு மூலையில், மடைக்கும் கரைக்கும் தள்ளி, மழைக்கு முன்னால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ள அனுமதி. அப்பத்தா இருந்திருந்தால் உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கும், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று. எங்களுக்கு இப்போது சட்டியே இல்லை, அதைச் செய்யத்தான் மண் கேட்கிறோம். அடுத்த பொங்கல் பரிசுத் தொகுப்பில் கரும்போடு ஒரு மண்பானையும் சேர்க்க வேண்டும் என்று பல ஊர் தொழிலாளர்கள் கேட்டுவருகிறார்கள். அதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை, அது கோட்டைக்குப் போக வேண்டிய மனு. அதையும் தனியாக எழுதி வைத்திருக்கிறோம்.

வாசலில் வேளார் பெரியவர் சக்கரத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் போய்ப் பாருங்கள். ஆளுக்கொரு அகல் தருவார், காய்ந்த பிறகு ஆணியால் உங்கள் பெயரைக் கீறிக்கொள்ளுங்கள், எழுத்துக்குக் காசு கிடையாது. பக்கத்து மேசையில் இரண்டு மனுவும் இருக்கின்றன. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சுண்டலுக்குப் போக வேண்டும். பேனா கட்டி வைத்திருக்கிறேன். கதவு எண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.