பிரித்துப் பார்க்கச் சேர்த்த காசு

(பெங்களூரு அல்சூரில், பட்டறை இளைஞர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பீனியா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து, பஸ் மாறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் தம்பிகளுக்குத் தனி வணக்கம்.

நம்மில் நிறையப் பேர் ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் வந்தவர்கள். அந்தப் பாதை பெங்களூரு கண்டோன்மெண்ட் ஸ்டேஷனைத் தொட்டது 1864-ல். ரயில் என்றதும் நினைக்க வேண்டிய ஆள் ஜார்ஜ் ஸ்டீபன்சன். 1781-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சுரங்க இன்ஜினில் கரி தள்ளும் வேலை. மகனுக்குப் பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. அப்புறம் கூலியில் மிச்சம் பிடித்து ராத்திரிப் பள்ளிக்குப் போனார். வேலைக்கு நடுவே சிலேட்டில் கணக்குப் போட்டார். பூட்ஸ் தைத்தும் கடிகாரம் பழுது பார்த்தும் நாலு காசு சேர்த்தார்.

சனிக்கிழமை சுரங்கம் ஓய்ந்ததும் மற்றவர்கள் பொழுதுபோக்கப் போவார்கள். இவர் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை, அதற்குக் கூலியும் இல்லை. 1811-ல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் ஏறக்குறைய ஒரு வருடமாக இறைத்தும் தண்ணீர் வற்றவில்லை. இவர் அந்த இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தார். சில நாளில் ஆட்கள் குழிக்குள் இறங்கினார்கள். 1814-ல் சொந்தமாக ரயில் இன்ஜினே செய்துவிட்டார். மகனை நியூகாசிலில் படிக்க வைத்து, அவன் கொண்டுவந்த புத்தகங்களை ராத்திரியில் கூடவே உட்கார்ந்து படித்தார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவும் இந்த ரகம்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், மனம் அதிலேயே நின்றுவிட்டது. ஓட்டலில் சர்வராக நின்று சேர்த்த பணத்தில் அதை வாங்கினார். வாங்கிய கையோடு பிரித்துப் போட்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர் அவர். 1937-ல் மின்சார மோட்டார் வந்ததும் அவர் பட்டறையிலிருந்துதான்.

நான் ஹெல்பராகச் சேர்ந்த பட்டறையில், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியைப் பீரோவில் பூட்டி வைப்பார்கள். நாங்கள் தொடக்கூடாது. அளக்கத் தெரியாதவன் எப்படி லேத்தில் கடைசல் பிடிக்கும் டர்னராவது? ஓவர்டைம் காசை எட்டு மாதம் சேர்த்து ஒரு வெர்னியர் வாங்கினேன். முதல் ராத்திரி ரூமில் தூக்கமே வரவில்லை. தட்டு, டம்ளர், தாழ்ப்பாள், ஒரு ரூபாய் நாணயம் என்று கையில் பட்டதையெல்லாம் அளந்தேன். நாணயத்தைப் பிடித்து அளக்கையில் வெர்னியரின் இரண்டு அளவுகோல் கோடுகளும் நேர்கோட்டில் வந்து நின்றபோது கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்குப் பிறகு வந்த எந்தச் சம்பளத்திலும் அது கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். டீயும் தேங்காய் பன்னும் பகல் சாப்பாடு ஆகாது. காலையில் வெறும் வயிற்றோடு, லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கின் முன்னால் நின்று கை போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். புது போனின் தவணையில் பிடியுங்கள், அங்கே நிறைய இருக்கிறது.

சரி, என் பட்டறையில் ஒரு பழைய லேத் கியர் மாற்றும்போது இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதன் கியர் இருக்கும் ஹெட்ஸ்டாக்கைத் திறக்கப் போகிறேன். வருகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். இட்லி என் வீட்டிலிருந்து வரும்.