3,096 நாள் கழிச்சுத் தப்பி வந்த பொண்ணுக்கு உடனே பிரியாணி போடாதீங்க!

வணக்கம் மக்களே! சின்ன வயசுல யாரோ கடத்திட்டுப் போன பொண்ணு, பல வருஷம் கழிச்சு நம்ம டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கற வீட்டு வாசல்ல வந்து நிக்குதுன்னு வெச்சுக்குவோம். ஆயா, அதான் பாட்டி, என்ன செய்வாங்க? கட்டிப்பிடிச்சு அழுதுட்டு நேரா அடுப்படிக்குப் போவாங்க. அந்தப் பாசமே உயிருக்கு உலை வைக்கலாம்.

தலைப்புல சொன்ன 3,096 நாள், ஆஸ்திரியாவுல நடந்த நிஜக் கதை. வேகமா முடிச்சிடறேன். 1998 மார்ச் 2, வியன்னா. பள்ளிக்கூடம் கிளம்பின 10 வயசு நடாஷா காம்புஷை ஒருத்தன் வேன்ல தூக்கிட்டுப் போய், கராஜுக்கு அடியில சுமார் 5 சதுர மீட்டர் அறையில அடைச்சான். பட்டினி போட்டே பணிய வெச்சான். 2006 ஆகஸ்ட் 23-ல அவன் காரை வாக்யூம் கிளீனர் வெச்சுச் சுத்தம் பண்ணச் சொன்னான். போன் வந்துச்சு. இரைச்சல்ல கேக்கலைன்னு தள்ளிப் போனான். மெஷினை ஓடவிட்டுட்டு அவங்க ஓடிட்டாங்க!

"அதுவரைக்கும் ஏன் ஓடல?"ன்னு கேக்கறவங்களே, கதவு ஜன்னல்ல வெடி இருக்குன்னு மிரட்டி வெச்சிருந்தான். 10 வயசுல நீங்க நம்பியிருக்க மாட்டீங்களா?

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். நாள் கணக்கா பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பையும் தசையையும் எரிச்சுத்தான் ஓடுது. திடீர்னு சோறு, ரொட்டி, இனிப்பு உள்ள போனா இன்சுலின் ஏறும். ரத்தத்துல இருக்கற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை எல்லாம் செல்லுக்குள்ள இழுத்துக்கும். அப்ப இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். இதுக்குப் பேர் ரீஃபீடிங் சிண்ட்ரோம். 10 நாளுக்கு மேல கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாதவங்களுக்கு ஆபத்து ரொம்ப அதிகம். டாக்டருங்க முதல்ல தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துட்டு, உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 கலோரிக்கு மேல போகாம ஆரம்பிப்பாங்க. 40 கிலோ பொண்ணுக்கு முதல் நாள் 400 கலோரிதான்! ரொட்டியைக் குடைஞ்சு கறிக்குழம்பு நிரப்பித் தர்ற நம்ம டர்பன் பன்னி சாவ் (bunny chow) இருக்கே, அதுல கால்வாசி ரொட்டி மட்டுமே அந்தக் கணக்கைத் தொட்டுடும், மட்டன் தனி. அப்புறம் ரத்தத்தைச் சோதிச்சுச் சோதிச்சு, 4-ல இருந்து 7 நாளுக்குள்ள மெல்ல ஏத்துவாங்க. அதனால ஆயா, மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம்தான் அடுப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி குளிக்க வைக்காதீங்க, தடயம் போயிடும். போட்டிருந்த துணியைக் காகிதப் பையில வையுங்க. பிளாஸ்டிக்ல ஈரம் தங்கி டிஎன்ஏ கெட்டுடும். சித்தப்பா, மாமான்னு ஆளாளுக்கு விசாரிக்கவும் வேண்டாம், சொந்தக்காரங்க எடுத்துக்கொடுக்கற கேள்வி சாட்சியத்தைக் கெடுக்கும்.

கடைசியா நம்ம தென்னாப்பிரிக்கா விஷயம். 1997-ல கேப் டவுன் ஆஸ்பத்திரியில பிறந்து 3 நாளே ஆன குழந்தையைத் திருடிட்டாங்க. 2015-லதான் டிஎன்ஏ உண்மையைச் சொல்லுச்சு. திருடினவளையே அம்மான்னு நம்பி வளர்ந்த பொண்ணு! அந்தப் பொண்ணும் சேர்ந்து போட்ட வழக்குலதான், குற்றத்துக்கு ஆளான குழந்தைங்களோட அடையாளத்துக்கு இருக்கற பாதுகாப்பு 18 வயசோட முடியாதுன்னு அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பர்ல தீர்ப்பு சொல்லுச்சு. 18 ஆன பிறகு பேரை வெளியே சொல்லலாமாங்கறது அவங்க சம்மதத்தைப் பொறுத்தது. அதனால இந்த மாதிரி யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, பேரை கமெண்ட்ல போடாதீங்க. போட்டா நான் டெலீட் பண்ணிடுவேன், கோவிச்சுக்காதீங்க!