ஏட்டுச் சுரைக்காயும் புதையல் பூதமும்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, நூலக வாரத்துக்கு இந்த மண்டபத்தைக் கொடுத்து, கொட்டுகிற மழையிலும் முதல் ஆளாக வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நாற்காலி முதல் மைக் வரை ஓடியோடிப் பார்த்துக்கொண்ட நூலகர் தம்பி, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதையல் எடுக்க ஆவிகளை அழைக்கும் மந்திரச் சுவடிகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். எழுதியவர் யார், நம்பியவர் யார், அந்தச் சுவடிகளை நாம் என்ன செய்வது. நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இங்கிலாந்தில் 1542இல், எட்டாம் ஹென்றி காலத்திலேயே, புதையலுக்காக ஆவியை அழைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. ஆசை அடங்கியதா?

ஜெர்மனியில் யேனா என்ற ஊர். 1715, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தில் ஒரு குடிசை. ஒரு மாணவரும் இரண்டு விவசாயிகளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கையில், பிசாசுக்கு ஆன்மாவை விற்றதாகக் கதை சொல்லப்படும் மந்திரவாதி ஃபவுஸ்ட் பெயரில் உலவிய மந்திர ஏடு. எலும்பைக் குடையும் குளிர். சரி என்று ஒரு சட்டியில் கரியை மூட்டி வைத்துக்கொண்டு பூதத்தைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் விவசாயிகள் இருவரும் பிணம். மாணவர் நினைவின்றிக் கிடக்கிறார். பிணங்களுக்குக் காவலாக மூன்று பேரை வைத்தார்கள். அவர்களுக்கும் குளிருமே! அவர்களும் கரி மூட்டினார்கள். அவர்களிலும் ஒருவர் போய்விட்டார். பிசாசு அடித்துவிட்டது என்று பேச்சு பரவியது. ஹாலே பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ஃப்ரீட்ரிஷ் ஹோஃப்மன் மட்டும் 1716இல் எழுதினார்: கொன்றது பிசாசு இல்லை, மூடிய அறையில் கரிப்புகை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதது மட்டுமில்லை, ஆளையே விழுங்கிவிட்டது.

நம் ஊரிலும் மண்ணுக்கடியில் இருக்கும் புதையல் தெரியும் என்று மை போட்டுப் பார்ப்பார்கள், பாதாள அஞ்சனம் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. மந்திர ஏடு வீட்டில் இருந்தால் ஆகாது என்று பயந்து, ஓலைக் கட்டை அப்படியே ஆற்றில் விடுகிறார்களே, அதுதான். போன வருடம் ஒரு வீட்டுப் பரணில் அப்படி ஒதுக்கிய கட்டு ஒன்றைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மேலே இரண்டு ஓலைதான் மந்திரம். அடியில் முழுக்க, கிணறு வெட்டிய ஆட்களுக்கு அளந்த நெல் கணக்கு! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் அந்தக் கிணற்றை வெட்டியவர்களின் பெயர் வேறு எங்கே இருக்கிறது?

மணி அடித்துவிட்டார்கள். மந்திரம் எழுதியவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். உங்கள் வீட்டில் ஓலைக் கட்டு இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், கயிற்றை இழுத்துப் பிரிக்காதீர்கள். பழைய பருத்தித் துணியில் சுற்றி, ஞாயிறு காலை நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் கண்ணெதிரே படம் எடுத்துவிட்டு, கட்டை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம்.