கல்லாப் பணமும் சிறுவாடும் ஒரே கணக்கில்

(காட்சி: காலை ஆறரை மணி. வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி. வண்டி ஓரத்தில் க்யூஆர் அட்டை, பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி.)

"நாற்பது ரூபாய் பெறப்பட்டது."

இந்தக் குரலைக் கேட்காமல் இந்தச் சந்தில் இப்போது இட்லி சாப்பிட முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பம், ஜார்க்கண்டுக்காரர், சித்தூர்க்காரர் என்று எல்லோரும் போனை நீட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். போன மாதம் வண்டிக்கார அக்கா சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"முன்னல்லாம் ரெண்டு டப்பா வச்சிருந்தேன் தம்பி. கல்லா டப்பா ஒண்ணு, அரிசி டின்னுக்குள்ள ஒண்ணு. இப்ப இன்னாடான்னா எல்லாம் பேங்க்ல ஒரே எடத்துல போய் வுழுது. எது மாவுக்கு, எது பொண்ணு காலேஜுக்குன்னே புரியல."

இந்த வீடியோ அந்த ரெண்டு டப்பாவைப் பற்றியது.

அரிசி டின்னுக்குள் இருந்த பணத்துக்கு நம் வீடுகளில் பெயரே உண்டு: சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, யார் கண்ணிலும் படாமல் சேர்த்த காசு. கண்ணில் படாததால்தான் அது சேர்ந்தது. க்யூஆர் அட்டை வந்ததும் கல்லாவும் அரிசி டின்னும் ஒரே எண்ணாகிவிட்டன.

(திரையில்: இருப்பு ரூ. 46,300)

அக்காவின் கணக்கில் ஒரு நாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் காலேஜ் ஃபீஸுக்காகச் சேர்த்தது 30,000. அரிசி, உளுந்து, எண்ணெய், காஸ் வாங்கும் கடை முதல் 8,000. ஐந்தாம் தேதி வாடகை 5,000. கழித்தால் மிஞ்சுவது 3,300. ஆனால் ஆப்பைத் திறந்தால் தெரிவது 46,300 மட்டும்தான். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் புடவை எடுக்கப் போகும்போது மனசு எந்த எண்ணை நம்பும்?

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. பைக் இஎம்ஐக்கு வைத்திருந்த பணத்தில் சொந்தக்காரர்கள் எட்டுப் பேரை ஆம்பூருக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அஞ்சாம் தேதி இஎம்ஐ திரும்பிப் போனது, அதற்கு அபராதம் வேறு. அதையும் சேர்த்தால் அன்றைய பிரியாணி கொஞ்சம் விலை அதிகம்தான்.

சரி, இதற்காக இன்னொரு வங்கியில் கணக்கு, இன்னொரு ஏடிஎம் கார்டு, இன்னொரு மினிமம் பேலன்ஸ் எல்லாம் வேண்டுமா? வேண்டாம். இருக்கிற கணக்குக்குள்ளேயே அறை பிரிக்கலாம், அஞ்சறைப் பெட்டி மாதிரி.

ஆனால் வங்கிக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டு வேண்டும். தினப்படி வருமானம் உள்ளவர்கள் பெரும்பாலும் சறுக்குவது சேமிப்பில் இல்லை, கடை முதலைப் பிரித்து வைப்பதில். அன்று 3,200 ரூபாய்க்கு வியாபாரம் ஆனால் அது வருமானம் இல்லை. நாளைக்கு லாங்கு பஜாரில் மளிகைக்கும் நேதாஜி மார்க்கெட்டில் காய்க்கும் 1,950, காஸ் பங்கு 250 எடுத்து வைத்தால் மிச்சம் 1,000. சம்பாத்தியம் அந்த ஆயிரம்தான். வீட்டுக்கு 700 போனால், சேர்க்கக்கூடியது 300. தினமும் கடை மூடும்போது முதல், வீடு, சேமிப்பு என்று மூன்று எண்ணை எழுதினால் போதும், ஒரு நிமிஷ வேலை. முதலைத் தொட்டுச் சேமித்தால், நாலு நாளில் மாவு வாங்கக் கடன் வாங்குவோம்.

அப்புறம் ஆர்டி, அதாவது தொடர் வைப்பு. இப்போதிருக்கும் சேமிப்புக் கணக்கோடு சேர்த்தே திறக்கலாம். பாஸ்புக்கோடு கிளைக்குப் போனால் ஆயிற்று, ஆப்பிலும் முடியும். மாதாமாதம் நாம் சொன்ன தொகையைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துத் தனியே வைத்துவிடும். முக்கியமான விஷயம், அது 46,300க்குள் தெரியாது. தனி எண்ணில், தனிப் பக்கத்தில் இருக்கும். பணம் எடுத்துக்கொள்ளும் தேதியை யோசித்து வையுங்கள். வாடகையும் சீட்டும் கட்டுகிற வாரத்தில் வைத்தால் கணக்கில் பணம் இல்லாமல் தவணை தவறும், வங்கிக்கு வங்கி அபராதமும் உண்டு. அவசரமென்றால் நடுவில் முடித்துக்கொள்ளலாம், வட்டி கொஞ்சம் குறையும்.

என்னைக் கேட்டால் கிளையில் போய்த் திறப்பதே நல்லது. ஆப்பில் திறந்ததை ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடியே உடைத்துவிடலாம். கிளையில் திறந்ததைச் சில வங்கிகளில் கிளையில்தான் முடிக்க முடியும். வேலூர் வெயிலில் பஸ் ஏறிப் போய், டோக்கன் வாங்கி, உட்கார்ந்திருக்க வேண்டும். அரிசி டின்னின் மூடி மாதிரி அது.

"ஆட்டோ ஸ்வீப்" என்றும் ஒன்று சொல்வார்கள். கணக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருப்பதை வங்கியே எஃப்டியாக, அதாவது நிலை வைப்பாக, மாற்றிவிடும். எவ்வளவுக்கு மேல் என்பது வங்கிக்கு வங்கி மாறும். வட்டி நல்லதுதான். ஆனால் கையிருப்புக்கு மேல் ஸ்கேன் செய்தால், அந்த எஃப்டியை உடைத்துத் தானாகவே பணம் வந்துவிடும். பிரித்து வைத்த மாதிரி இருக்கும், பிரிந்திருக்காது. கை இறுக்கமானவர்களுக்கு இது சரி, பிரியாணிக்காரர்களுக்கு ஆகாது.

வட்டி பற்றி ஒரு வரி. அரசு வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு இப்போது ஏறக்குறைய 2.5 சதவீதம். 30,000 ரூபாய் ஒரு வருடம் சும்மா கிடந்தால் 750 ரூபாய். ஆர்டியில் வட்டி விகிதம் இதைவிடக் கூடுதல். என் தாத்தா பத்தாம் தேதிக்குள் பணம் கட்டிவிட வேண்டும் என்று பறப்பார். அந்தக் காலத்தில் பத்தாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கே வட்டி என்றானதால், அந்தப் பறத்தல் இப்போது தேவையில்லை.

(காட்சி: போன் திரை. யுபிஐ லைட்.)

கடைசி அறை செலவுக்கானது. யுபிஐ லைட் என்பது பணம் அனுப்பும் ஆப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னப் பர்ஸ். கணக்கிலிருந்து அதில் ஒரே சமயத்தில் 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் போடாமல் கொடுக்கலாம். வாரத்துக்கு 1,500 ஏற்றினால் டீ, பஸ், ரீசார்ஜ் எல்லாம் அதிலேயே முடியும். தீர்ந்துபோனால் இந்த வாரக் கைச்செலவு தீர்ந்தது என்று அர்த்தம். பாஸ்புக்கிலும் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று பக்கம் நிரம்பாது, ஏற்றிய தொகை மட்டும் வரும். பின் கேட்காது என்பதால் போனுக்குப் பூட்டு கட்டாயம். இதில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது.

வியாபாரம் பெரிதாகிக் கணக்கில் வரவு கூடினால், சேமிப்புக் கணக்கு போதாது, நடப்புக் கணக்குக்கு மாறுங்கள் என்று வங்கியே சொல்லும். அதை வேறொரு வீடியோவில் பார்ப்போம்.

அக்கா போன வாரம் வங்கிக்குப் போய்விட்டு வந்தார். மாதம் 3,000 கட்டுகிறேன் என்று போனவர், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு 2,500க்குத்தான் ஆர்டி போட்டிருக்கிறார். நல்ல புத்தி. தேதி பதினெட்டு, சீட்டுக் கட்டி முடித்த பிறகு. பழைய 30,000 தனி எஃப்டியாகிவிட்டது, ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் முடிகிற மாதிரி.

"இப்ப போன்ல எவ்ளோ காட்டுதுக்கா?"

"பன்னெண்டாயிரம் சொச்சம். பாத்தா பகீர்னுது," என்று சிரித்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

"அறுபது ரூபாய் பெறப்பட்டது."