ஒரே தடை, வேறு பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தொடராக வெளிவரும் சிறு காதல் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்ற குறையைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. காதலர் இறுதியில் சேர்வார்கள் என்பது இவ்வகைக் கதை வாசகருக்கு அளிக்கும் வாக்கு. அதை நம்பித்தான் அவர் நூலைக் கையில் எடுக்கிறார். சங்க அகப்பாடல்களும் களவு, உடன்போக்கு, பிரிவு, ஊடல் என்ற சில சூழல்களையே திரும்பத் திரும்பப் பாடின. அகத்திணையில் ஒருவரது பெயரைச் சுட்டலாகாது என்றே தொல்காப்பியம் விதித்தது. அப்படியிருந்தும் ஒரு பாடலின் தலைவியை மற்றொரு பாடலின் தலைவியோடு நாம் குழப்பிக்கொள்வதில்லை.

என் மனக்குறை, காதலரைப் பிரிக்கும் தடையும் நூலுக்கு நூல் மாறாமல் இருப்பதுதான். நான்கு சகோதரர்களின் காதலை நான்கு நூல்களாகச் சொல்லும் ஒரு தொடரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் நூலில், பாதி திறந்த கதவுக்கு வெளியே நிற்கும் நாயகியின் காதில், "அவள் மேல் எனக்குப் பரிதாபம்தான்" என்று நாயகன் தொலைபேசியில் சொல்வது விழுகிறது. அவன் வேறொருத்தியைப் பற்றிப் பேசுகிறான். ஆனால், அதுவரை எதையும் நேருக்கு நேர் கேட்டுவிடும் இயல்புடைய அந்தப் பெண், அன்றிரவே ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். இரண்டாம் நூலில் தொலைபேசிக்குப் பதிலாக ஒரு புகைப்படம்; மூன்றாம் நூலில் பழைய காதலியின் திடீர் வருகை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று பிரிவுகளுமே நேர்ந்திருக்காது.

இதற்கு எழுத்தாளரின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. 1908-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் நிறுவனமும், 1949-இல் கனடாவில் தோன்றி 1971-இல் அதை விலைக்கு வாங்கிய ஹார்லெக்வின் நிறுவனமும், அளவு வரையறுத்த காதல் நாவல்களை மாதந்தோறும் வெளியிடும் முறையை உலகெங்கும் பரப்பின. இத்தகைய நூல் பெரும்பாலும் 50,000 சொற்களை ஒட்டியே அமையும். சந்திப்பும் ஈர்ப்பும் பிணக்கும் கூடலும் அதற்குள் அடங்கியாக வேண்டும். தவறான புரிதலுக்கு முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை. வேண்டிய இடத்தில் அதை நுழைத்து, இரண்டே பக்கங்களில் விலக்கிவிடலாம். பாத்திரத்தின் இயல்பிலிருந்து எழும் தடையோ முதல் அத்தியாயத்திலேயே விதைக்கப்பட வேண்டும்.

வருத்தம் என்னவென்றால், அந்த விதை பல நூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. மூத்தவன் தந்தையின் கடன்களைச் சுமப்பவன் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அந்தச் சுமையால் அவன் காதலியிடம் எதை மறைக்கிறான், எந்த உதவியை ஏற்க மறுக்கிறான் என்பதே ஒரு முழு நூலுக்குப் போதுமான பிணக்கு. அதை விட்டுவிட்டுத் தொலைபேசியைத் தேடிப் போகிறார்கள்.

அடுத்த நூல்களில் இந்த இணையர் மீண்டும் வரும்போதும், கைக்குழந்தையோடு விருந்தில் புன்னகைத்து நிற்பதோடு சரி. மணமான பின் அந்தக் கடன் என்ன ஆயிற்று என்பதைத் தம்பியின் கதையினூடே நமக்குக் காட்டியிருக்கலாம். ஒரு தனி நாவலுக்குக் கிட்டாத அந்த வாய்ப்பைத் தொடர் எழுதுவோர் பலரும் கண்டுகொள்வதே இல்லை.