தெம்பு இல்லையா, பலம் இல்லையா?

(காரைக்குடியில் மூத்தோர் கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் பேசியது)

ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

"உடம்பில் தெம்பே இல்லை டாக்டர்" என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "எந்த வேலையைச் செய்ய முடியவில்லை?" எல்லாம் செய்கிறேன், சீக்கிரம் அசந்துபோகிறேன் என்றால் அது களைப்பு. ரத்தசோகை, தூக்கக்குறைவு, மனச்சோர்வு, இதயம் என்று அதற்குத் தேட வேண்டிய இடம் வேறு. ஒரு வேலையைச் செய்யவே முடியவில்லை என்றால்தான் தசை பலவீனம்.

ஓர் ஆச்சி வந்தார். பந்தியில் உட்கார்ந்தால் எழ முடியவில்லையாம். தரையில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொன்னேன். கைகளை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையில் கை மாற்றி மாற்றி அழுத்தி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல நிமிர்ந்தார். கொண்டை போடவும் கை உயரவில்லை. ஆனால் கண்டாங்கிச் சேலையின் கொசுவத்தை விரல்கள் அழகாக மடித்தன. தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் போடுவோம்; 0 என்றால் அசைவே இல்லை, 5 என்றால் முழு பலம். ஆச்சியின் இடுப்புக்கு 4, விரலுக்கு 5.

இடுப்பும் தோளும் தளர்ந்து விரல் தப்பித்தால் முதல் சந்தேகம் தசைமேல்தான். தைராய்டு, பொட்டாசியம், வைட்டமின் டி எல்லாம் பார்த்தோம். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. என்ற நொதியும் சரியாகவே இருந்தது. அப்புறம்தான் ஆச்சி மஞ்சப்பையைத் திறந்தார். மூட்டுவலிக்கென்று யாரோ கொடுத்த, பெயர் போடாத மாத்திரைப் பொட்டலம். ஒன்றரை வருடமாகத் தினமும் ஒன்று. முகம் உப்பியதும், லேசாக இடித்தாலே கையில் கன்றிப்போனதும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்டீராய்டு! அது தசையை மெலியவைக்கும்போது சி.கே. பெரும்பாலும் ஏறாது. பையை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அதற்காக அன்றே நிறுத்தவும் முடியாது, உயிருக்கே ஆபத்து. மெள்ள மெள்ளத்தான் குறைத்தோம்.

செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, பொத்தான் போட வரவில்லை என்றால் கதை வேறு. அது பெரும்பாலும் நரம்பு. நம் ஊரில் சர்க்கரையை முதலில் பாருங்கள். காலையில் நன்றாக இருந்து, சாயங்காலம் இமை தொங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால், நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு இருக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை இரண்டு. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்துபோன சில நாட்களிலோ வாரங்களிலோ காலில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம். அது மூச்சுத் தசைவரை போகலாம். இன்னொன்று, திடீரென்று ஒரு பக்கக் கைகால் விழுவது, அதாவது பக்கவாதம். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மதுரைக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். ராகுகாலம் கழியட்டும் என்று உட்கார்ந்திருந்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன்.