திட்ட மேலாண்மை வகுப்பு: சொல்லித்தருபவர் எங்கிருந்து வருகிறார்?

நேயர்களுக்கு வணக்கம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பொறியியல் படித்து, நான்கைந்து ஆண்டு வேலையும் பார்த்துவிட்டவர்கள் பலர் அடுத்ததாக பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபெஷனல்) என்ற திட்ட மேலாளர் சான்றிதழை யோசிக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள், சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், சிப்காட் ஆலைகளில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். வகுப்பு விளம்பரத்தில் கட்டணம் பெரிதாக இருக்கும், தேர்ச்சி விகிதம் அதைவிடப் பெரிதாக இருக்கும். பாடம் எடுப்பவரைப் பற்றி ஒரே வரிதான்: "இருபது ஆண்டு அனுபவம் உள்ள பயிற்சியாளர்." எதில் இருபது ஆண்டு? அதைக் கேட்காமல் பணம் கட்டிவிடுகிறோம்.

அவரிடமும் பி.எம்.பி. இருக்கிறதே, போதாதா என்று தோன்றலாம். அந்தச் சான்றிதழை வழங்குவது, 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பு. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் தேர்வெழுத, 36 மாதம் திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். இது உள்ளே நுழைவதற்கான விதி. நுழைந்த பிறகு கதை வேறு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 60 பி.டி.யு. (தொழில் வளர்ச்சிப் புள்ளிகள்) சேர்த்தால் சான்றிதழ் புதுப்பிக்கப்படும். ஒரு பி.டி.யு. என்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் குறைந்தது 35 படிப்பின் மூலம் வர வேண்டும். தொழிலில் வேலை பார்த்ததற்கு அதிகபட்சம் 8 மட்டுமே கணக்கில் வரும். ஆகவே ஒருவர் பத்து ஆண்டாக எந்தத் திட்டத்தையும் தொடாமல், கருத்தரங்கு கேட்டும் வகுப்பு எடுத்தும் சான்றிதழை உயிரோடு வைத்திருக்க முடியும். விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் இருப்பது பத்து ஆண்டுக்கு முந்தைய களம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்பதை பி.எம்.ஐ. இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் பெயரைப் போட்டு யாரும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை.

சரி, இந்தப் பயிற்சியாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? நம் பக்கத்தில் அதிகம் பேர் கட்டுமானத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் படிப்பதன் லாபம், கால அட்டவணை போடும்போது தெரியும். தளம் கான்கிரீட் போடுகிறோம், அடுத்து அதன் கீழே சுவர் வேலை. புத்தகம் மட்டும் படித்தவர் முதல் வேலை முடிந்த மறுநாளே இரண்டாவதைத் தொடங்கிவிடுவார். சைட்டில் இருந்தவர் முதலில் ஸ்பான், அதாவது தளத்தைத் தாங்கும் இரு பக்கங்களுக்கு இடையிலான தூரம், எவ்வளவு என்று கேட்பார். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி சாதாரண சிமெண்டில், தளத்தின் ஸ்பான் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுகளை 7 நாளுக்கு எடுக்கக்கூடாது. அதற்கு மேல் என்றால் 14 நாள். முட்டுகள் காடாக நிற்கும்போது கீழே கொத்தனார் எங்கே நிற்பார்? அந்த 14 நாள் அட்டவணையில் 'லேக்' (இரண்டு வேலைக்கும் இடையே காத்திருக்கும் காலம்) என்று உட்கார வேண்டும். அதே ஆள் அஸ்திவாரம் தோண்டுவதை நவம்பரில் வைக்கவும் விடமாட்டார். தானே புயல் இந்தக் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் கடந்தது 2024 நவம்பர் 30. வடகிழக்குப் பருவமழையில் நம் கடலோரத்தில் தோண்டினால் தண்ணீர் இறைக்கும் செலவு தனி வரியாகவே வரும்.

இவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: ஒப்பந்தக்காரர் பக்கம் இருந்தாரா, வேலை கொடுத்தவர் பக்கம் இருந்தாரா? ஒப்பந்தக்காரர் பக்கம் இருந்தவருக்கு எம்.புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்), ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்), கால நீட்டிப்புக் கடிதம் எல்லாம் விரல்நுனியில் இருக்கும். ஆனால் ஒரு மாற்றம் வந்தால் அது அவர் கண்ணுக்குக் கூடுதல் பில்லாகத்தான் தெரியும். வேலை கொடுத்தவர் பக்கம் இருந்தவர், அந்த மாற்றத்தால் காலமும் செலவும் எவ்வளவு நகரும் என்று முதலில் கணக்கிட்டு, மாற்றக் குழுவின் முன் வைத்து, ஒப்புதல் வந்த பிறகே திட்டத்தைத் திருத்துவார். தேர்வு எதிர்பார்க்கும் விடையும் இதுதான். "உடனே மேலதிகாரியிடம் சொல்லிவிடு" என்பது சைட்டில் பிழைக்கும் வழி. தேர்வில் பெரும்பாலும் தவறான விடை.

ஆலை ஷட்டவுனை, அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைக்கும் வேலையை, திட்டமிட்டவர்கள் கிடைத்தால் விடாதீர்கள் என்பேன். நெய்வேலி அனல்மின் நிலையமும் கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளும் இருப்பதால் நம் வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் நாள்கணக்கில் பேசமாட்டார்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள். மொத்தக் காலத்தை முடிவுசெய்யும் வேலைத் தொடர் எது என்று கண்டுபிடிக்கும் கிரிட்டிக்கல் பாத் முறையே 1957-இல் டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனத்தில், ஆலைக் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்குமாக உருவானதுதான். ஒரு கணக்கைப் பாருங்கள். கொதிகலன் குழாய் மாற்ற 96 மணி நேரம். அதே நேரத்தில் விசிறியின் பேரிங் மாற்ற 60 மணி நேரம். காகிதத்தில் விசிறி வேலைக்கு 36 மணி நேரம் ஃப்ளோட், அதாவது தள்ளிப்போக இடம், இருக்கிறது. 30 மணி தாமதமாகத் தொடங்கினாலும் ஷட்டவுன் நீளாது. ஷட்டவுன் பார்த்தவர் இங்கே நிறுத்தி, "கிரேன் ஒன்றா, இரண்டா?" என்று கேட்பார். இரண்டு வேலைக்கும் ஒரே கிரேன் என்றால், விசிறியைத் தூக்கும் நேரமும் குழாய் இறக்கும் நேரமும் மோதும். அந்த 36 மணி நேரத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். கிரேனுக்குக் காத்திருந்து குழாய் வேலை தள்ளிப்போனால் மொத்த ஷட்டவுனும் நீளும். வேலை தொடங்க அனுமதி தரும் பெர்மிட் கையெழுத்தாகப் பிடிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்வார். இவர்களுடைய குறை, வேலையின் எல்லை முன்கூட்டியே தெரிந்த உலகத்தில் இருந்தவர்கள் என்பது. வாடிக்கையாளர் வாரம் ஒருமுறை மனம் மாறினால் என்ன செய்வது என்று இவர்களிடம் கேட்டால் பதில் சுருக்கமாகத்தான் வரும்.

அந்தக் கேள்விக்கு மென்பொருளிலிருந்து வந்தவர்கள் நன்றாகப் பதில் சொல்வார்கள். 2021 ஜனவரியில் தேர்வு மாறியபோது கேள்விகளில் ஏறக்குறைய பாதி அஜைல் (சிறுசிறு சுற்றுகளாகச் செய்து, மாற்றங்களை ஏற்றுக்கொண்டே போவது), ஹைப்ரிட் (அதையும் பழைய முறையையும் கலப்பது) முறைகளுக்குப் போய்விட்டது. ஸ்பிரின்ட் (ஒரு சுற்று வேலை), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) எல்லாம் இவர்களுக்கு அன்றாடப் பேச்சு. முடிந்த வேலையின் மதிப்பைச் செலவோடு ஒப்பிடும் ஏர்ன்டு வேல்யூ வந்தால்தான் தடுமாற்றம். மொத்தச் செலவு 10 லட்சம். இன்றைய தேதிக்கு 5 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 4 லட்சத்துக்கான வேலை. செலவானது 5 லட்சம். செலவுக் குறியீடு 4-ஐ 5-ஆல் வகுத்தால் 0.8. இதே வேகத்தில் போனால் மொத்தம் 12.5 லட்சம் ஆகும். சூத்திரத்தை யாரும் சொல்லிவிடலாம். "முடிந்த வேலை 4 லட்சம் என்று யார் அளந்தது?" என்ற கேள்வி, எம்.புக் எழுதியவருக்குத்தான் முதலில் தோன்றும்.

கல்லூரிப் பேராசிரியர்கள், மூன்று மதிப்பீடுகளிலிருந்து காலத்தைக் கணிக்கும் பெர்ட் கணக்கில் கெட்டிக்காரர்கள். குறைந்தது 4 நாள், வழக்கமாக 6, அதிகபட்சம் 14 என்றால், வழக்கமானதை நான்கு மடங்காக எடுத்துக் கூட்டி, 6-ஆல் வகுத்தால் சராசரி 7 என்று பலகையில் தெளிவாக வரும். இப்போதைய தேர்வில் கணக்கு குறைவு, சூழ்நிலைக் கேள்விகள் அதிகம் என்பதால் அவர்கள் மட்டும் போதாது. ராணுவத்திலிருந்து வந்தவர்களிடம் தளவாடத் திட்டமிடல் அபாரம். ஆனால் கட்டளை போட அதிகாரமே இல்லாத மேலாளர், பிற துறை ஆட்களிடம் எப்படி வேலை வாங்குவது என்பதற்கு அவர்களுடைய பழக்கம் உதவாது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் வீடு கட்டும் பணிகளில் இருந்த தொண்டு நிறுவனத்தவர்களுக்கு அது கைவந்த கலை. மீனவப் பஞ்சாயத்து, வருவாய்த்துறை, நன்கொடையாளர் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேச வேண்டியிருந்த வேலை அது.

பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேளுங்கள்: கடைசியாக முடித்து ஒப்படைத்த திட்டம் எது, எந்த ஆண்டு? அட்டவணையை நீங்களே போட்டீர்களா, எந்த அட்டவணை மென்பொருளில், பிரைமவேராவிலா, எம்.எஸ். ப்ராஜெக்டிலா? தாமதமான திட்டம் ஒன்றைச் சொல்லுங்கள், எதனால் தாமதம்? எல்லாமே நேரத்துக்கு முடிந்தது என்றால் அவர் அட்டவணைக்கு அருகில் இருந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வளைகுடாக் கட்டுமானத்துக்குப் போகிறவர் கட்டுமானக்காரரிடமே படிக்கட்டும். ஆனால் 35 மணி நேரத்தில் அஜைல் பகுதியை மட்டும் மென்பொருள்காரர் ஒருவர் எடுப்பாரா என்று நிறுவனத்திடம் கேட்டுவையுங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தை எப்படி நிரப்பச் சொல்கிறார் என்று பாருங்கள். "அனுபவப் பகுதியை நாங்களே எழுதித் தருகிறோம்" என்றால் எழுந்து வந்துவிடலாம். விண்ணப்பங்களில் சிலவற்றை பி.எம்.ஐ. தணிக்கைக்கு எடுக்கிறது. எடுத்தால் பட்டச் சான்று, பயிற்சிச் சான்று, ஒவ்வொரு திட்டத்துக்கும் அப்போதைய மேலாளர் உறுதிசெய்த கையெழுத்து எல்லாவற்றையும் 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வேலையை விட்டுப் போன பழைய மேலாளரை மஸ்கட்டிலோ தோஹாவிலோ தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஓடிவிடும். தணிக்கையைச் சந்தித்த பயிற்சியாளர், விண்ணப்பம் எழுதும் முன்பே அந்த மேலாளரிடம் பேசிவைக்கச் சொல்வார். வணக்கம்.